குதிரை எருவின் சூட்டில் முன்பருவக் காய்கறி: வெப்பப் பாத்தி அமைக்கும் முறை

புதிய குதிரைச் சாணத்தையும் லாயத்தில் விரித்துக் கிடந்த வைக்கோலையும் சேர்த்து 2 கன மீட்டர் அளவுக்குக் குவித்து வைத்தால், வெளியே உறைபனி விழுந்துகொண்டிருந்தாலும், அக்குவியலின் நடுப்பகுதி சில நாள்களிலேயே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டின் மேல் மண்ணைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடி மூடியிட்ட மரச்சட்டம் ஒன்றை வைத்து, திறந்த வெளியில் விதைக்க இயலாத காலத்திலேயே முள்ளங்கி, லெட்டூஸ், கேரட் போன்றவற்றை விளைவிப்பதும், வெள்ளரி, தக்காளி, கத்தரி ஆகியவற்றின் நாற்றுகளை வளர்ப்பதுமே வெப்பப் பாத்தி முறையாகும். நம் ஊர் உழவர்கள் பச்சை எருவின் சூடு பயிரைக் கருக்கிவிடும் என்று அறிந்தே அதை மக்க வைத்துப் பிறகு வயலுக்குக் கொண்டுபோவார்கள். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களோ அதே சூட்டைப் பயிருக்கும் எருவுக்கும் இடையே ஓர் அடுக்கு மண்ணை வைத்து அடக்கிப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

இது மிகப் பழைய கலை. முதலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் டைபீரியஸின் உணவு மேசைக்காக வெள்ளரியை எருவிட்ட பெட்டிகளில் வளர்த்து, ஒளி ஊடுருவும் கல்தகடுகளால் மூடிக் காத்ததை அக்கால ரோம எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இம்முறையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்கள் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரின் சந்தைத் தோட்டக்காரர்களே. மோட்டார் வாகனம் வருவதற்கு முன் அந்நகரின் வண்டிகளை இழுத்த குதிரைகளின் லாயங்களிலிருந்து நாள்தோறும் எரு குவிந்தது. அதை வாங்கிய தோட்டக்காரர்கள் குளிர்காலத்தின் நடுவிலேயே பாத்தி கட்டி, ஒரே பாத்தியில் அடுத்தடுத்துப் பல பயிர்களை எடுத்தார்கள். கேரட்டையும் முள்ளங்கியையும் கலந்து விதைத்து, அவற்றின் மேலேயே லெட்டூஸ் நாற்றை நடுவார்கள். முள்ளங்கி முதலில் பிடுங்கப்படும். அடுத்து லெட்டூஸ் அறுவடையாகும். அதற்குள் விரிவதற்கு இடம் கிடைத்த கேரட் பருக்கும். கேரட் முற்றும் முன்பே இடையிடையே காலிஃபிளவர் நாற்று ஊன்றப்பட்டிருக்கும். சூட்டின் ஒரு நாளையும் மண்ணின் ஒரு சாணையும் வீணாக்காத இந்தக் கணக்கு இன்றும் வியக்கத்தக்கது. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள ஹெலிகன் தோட்டத்தில், குதிரை எருவின் சூட்டாலேயே அன்னாசி விளைவித்த செங்கற் குழி மீட்கப்பட்டு, இன்றும் பார்வையாளர்களுக்குக் காட்டப்படுகிறது.

நகரங்களிலிருந்து குதிரைகள் மறைந்ததும், தென்பகுதிகளின் காய்கறிகள் ரயிலில் விரைவாக வந்து சேர்ந்ததும், வெந்நீர்க் குழாய்களும் மின்சாரமும் பரவியதும் இம்முறையைப் பின்னுக்குத் தள்ளின. எனினும் வீட்டுத் தோட்டத்துக்கு இதன் பயன் குறைந்துவிடவில்லை. பிரித்தானியாவிலும் கனடாவிலும் குடியேறி, வீட்டின் பின்புறத்தில் கத்தரியும் மிளகாயும் வெண்டையும் வளர்க்க முயலும் தமிழர்களுக்கு இம்முறை நேரடியாக உதவக்கூடியது. ஏனெனில் இந்தச் செடிகளுக்கு நீண்ட வெப்பப் பருவம் வேண்டும். தென் இங்கிலாந்திலும் டொரொன்டோவிலும் மே மாதத்தின் முதற்பாதி வரை உறைபனி அச்சம் இருப்பதால், அதற்கு எட்டுப் பத்து வாரங்களுக்கு முன்பே நாற்றைத் தொடங்கிவிட்டவருக்கே ஒழுங்கான காய்ப்பு கிடைக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது

எருவிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சாணத்தையும் சிதைக்கும்போது வெளிவிடும் வெப்பமே இச்சூடு. அவை வேகமாகப் பெருகுவதற்குக் காற்று, ஈரம், தழைச்சத்து, கரிமம் ஆகிய நான்கும் தகுந்த அளவில் இருக்க வேண்டும். கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 25-க்கு 1 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதும், எடையில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் ஈரம் இருப்பதும் நல்லது. வைக்கோல் கலந்த குதிரை எரு இயல்பாகவே இந்நிலைக்கு அருகில் இருப்பதோடு, வைக்கோலின் தாள்கள் இடையிடையே காற்றுக்கு வழிவிடுவதால், வெப்பப் பாத்திக்கு அதைவிடச் சிறந்த பொருள் இல்லை என்றே சொல்லலாம். மாட்டுச் சாணம் ஈரம் மிகுந்து இறுகிக்கொள்வதால் மெதுவாகவும் குறைவாகவுமே சூடேறும். அது மட்டுமே கிடைத்தால் நிறைய உலர்ந்த வைக்கோலைக் கலந்தாக வேண்டும். கோழி எரு மிகக் கடுமையானது, அம்மோனியாவை அதிகமாக விடுவது. அதைச் சூடு குறைந்த எருவுக்கு ஊக்கமாகச் சிறிதளவு சேர்க்கலாமே தவிர, தனியாகப் பாத்தி கட்டக் கூடாது.

எருவைத் தேர்ந்தெடுத்தல்

லாயத்திலிருந்து வெளியேற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத எருவாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மழையில் நனைந்து கறுத்துக் கிடக்கும் எரு செடிக்கு உரமாகும். ஆனால் அதன் சூடு தீர்ந்துபோயிருக்கும். இன்று பல லாயங்களில் வைக்கோலுக்குப் பதிலாக மரச்சீவலை விரிக்கிறார்கள். மரச்சீவல் கலந்த எருவும் சூடேறும் என்றாலும், அது மெதுவாகவே ஏறும், மக்குவதற்கும் நெடுங்காலம் ஆகும். ஆகவே எரு எடுக்கும்போது என்ன விரிப்பு என்பதைக் கேட்டறிவது அவசியம்.

அதைவிடவும் அவசியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குதிரைகளுக்குப் போடும் உலர்புல் விளைந்த நிலத்தில், அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற மருந்துகள் தெளிக்கப்பட்டிருந்தால், அவை குதிரையின் வயிற்றைக் கடந்தும் எரு மக்கிய பிறகும் சிதையாமல் நின்று, தக்காளி, பட்டாணி, அவரை, லெட்டூஸ் முதலியவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். பிரித்தானியாவில் 2008இல் பல தோட்டங்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டதால், அமினோபைரலிட் விற்பனையே சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. லாயத்தாருக்கு விவரம் தெரியாவிட்டால், எருவை மண்ணோடு கலந்து சில தொட்டிகளில் நிரப்பி, எரு கலக்காத மண்ணை வேறு சில தொட்டிகளில் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதைகளை ஊன்றி மூன்று நான்கு வாரங்கள் கவனிக்க வேண்டும். எரு கலந்த தொட்டியில் மட்டும் இளந்தளிர்கள் சுருண்டு, இலைகள் கிண்ணம்போல் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு வளர்ந்தால், அந்த லாயத்து எரு தோட்டத்துக்கு ஆகாது. இச்சோதனையை முந்தின இலையுதிர் காலத்திலேயே முடித்துவிட்டால், பிப்ரவரியில் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்கலாம்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது. சிறிய குவியல் தன் சூட்டை வெளிப்பரப்பு வழியாக விரைவில் இழந்துவிடும், 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்பதற்குக் குறைவான பாத்தியைக் கட்டுவதற்கு உழைப்பதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. 1.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட பாத்தியை 75 செ.மீ. உயரத்துக்குக் கட்ட, மிதித்தால் அமுங்கிவிடும் அளவையும் சேர்த்து, 2 முதல் 2.5 கன மீட்டர் வரை புதிய எரு தேவைப்படும். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் இடும் என்பதால், நான்கைந்து குதிரைகள் உள்ள லாயம் ஒன்று அருகில் இருந்தால் போதும். ஓக், பீச் மரங்களின் உதிர்ந்த இலைகள் கிடைத்தால் எருவில் பாதியளவு வரை அவற்றைக் கலக்கலாம். அவ்வாறு கலந்த பாத்தியின் சூடு கடுமை குறைந்ததாகவும் நீண்ட நாள் நிற்பதாகவும் இருக்கும்.

குவித்தலும் கிளறுதலும்

கொண்டுவந்த எருவை உடனே பாத்தியாகக் கட்டிவிடக் கூடாது. முதலில் அதை ஒன்றரை மீட்டர் உயரம் வரை கூம்பாகக் குவித்து, மழை நேரே விழாதபடி மூடி வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள்களில் உச்சியிலிருந்து ஆவி எழும். அப்போது கவைக்கோலால் முழுக் குவியலையும் பிரித்து, வெளியே இருந்தது உள்ளேயும் உள்ளே இருந்தது வெளியேயும் போகுமாறு, கட்டிகளை உதறி உடைத்து மீண்டும் குவிக்க வேண்டும். மேலும் மூன்று நான்கு நாள்கள் கழித்து இன்னொரு முறை இவ்வாறு செய்தால், முதற்கடுமையும் அம்மோனியாவின் நெடியும் பெருமளவு தணிந்து, எரு முழுவதும் ஒரே சீராகச் சூடேறியிருக்கும்.

கிளறும்போது கண்ணும் கையும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். ஒரு பிடி எருவை எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி நீர் துளிர்க்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் ஈரம் போதாது. குவியலைப் பிரிக்கையில் நடுவில் வைக்கோல் வெளிறிப்போய், சாம்பல் தூவியதுபோல் வெண்மையான பொடி படிந்து, தொட்டால் உடையும்படி உலர்ந்திருந்தால், அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறி ஈரத்தை இழந்துவிட்டது என்று பொருள். பூவாளியால் அந்த இடத்தில் நீர் தெளித்து, நன்றாகக் கலந்து குவிக்க வேண்டும். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. மாறாக, அழுகிய நாற்றம் எழுந்து எரு கொழகொழப்பாக இருந்தால் காற்று போகவில்லை என்று அறிந்து உலர்ந்த வைக்கோலைச் சேர்க்க வேண்டும்.

பாத்தி கட்டுதல்

வடகாற்றை வேலியோ சுவரோ தடுக்கும், நாள் முழுவதும் வெயில் விழும், நீர் தேங்காத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தைப் போல் குளிர்கால மழை மிகுந்த இடங்களில் தரைக்கு மேலேயே பாத்தியைக் கட்டுவது நல்லது. குழியில் நீர் ஊறினால் சூடு அணைந்துவிடும். கடுங்குளிர் இருந்தாலும் மண் நன்கு வடியும் இடங்களில் 45 முதல் 60 செ.மீ. ஆழம் வரை குழி எடுத்து அதில் எருவை நிரப்பினால், சுற்றியுள்ள மண் பக்கவாட்டுச் சூட்டைக் காக்கும். ஆனால் டொரொன்டோ போன்ற ஊர்களில் மார்ச்சு மாதத்தில் மண் உறைந்து கிடக்கும் என்பதால், குழியை முந்தின இலையுதிர் காலத்திலேயே தோண்டி உலர்ந்த இலைகளால் நிரப்பி மூடி வைக்க வேண்டும். பாத்தி கட்டும் காலம் தென் இங்கிலாந்தில் பிப்ரவரி, டொரொன்டோ வட்டாரத்தில் மார்ச்சு நடுப்பகுதி என்று கொள்ளலாம்.

எருவை 15 செ.மீ. கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கவைக்கோலின் முதுகால் தட்டி, காலால் அளவாக மிதித்துக்கொண்டே மேலே போக வேண்டும். மூலைகளையும் ஓரங்களையும் நடுப்பகுதியைவிடச் சற்றுக் கூடுதலாக இறுக்க வேண்டும். இல்லையெனில் பின்னர் ஓரங்கள் சரிந்து, மேலேயுள்ள சட்டம் கோணிக்கொள்ளும். அளவாக மிதிப்பது என்றால், நடந்தால் கால் புதையாமலும் அதே நேரத்தில் எரு துள்ளிக் கொடுப்பதுமான பதம். மிகவும் இறுக்கினால் காற்று அடைபட்டுச் சூடு எழாது. தளர்வாக விட்டால் சூடு சில நாள்களில் கொழுந்துவிட்டுத் தீர்ந்துவிடும். 60 முதல் 75 செ.மீ. உயரத்துக்குக் கட்டிய பாத்தி, பருவம் முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கும் என்பதை நினைவில் வைத்துச் சட்டத்தின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். எருவின் பரப்பு சட்டத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் குறைந்தது 30 செ.மீ. நீண்டிருந்தால்தான் சட்டத்தின் ஓரங்களிலும் சூடு நிலைக்கும்.

சட்டத்தைப் பழைய பலகைகளாலேயே செய்துகொள்ளலாம். தெற்குப் பக்கம் தாழ்ந்தும் வடக்குப் பக்கம் உயர்ந்தும் இருந்தால், தாழ்வான குளிர்கால வெயில் உள்ளே விழும், மழை நீரும் வழிந்தோடும். மூடியாக இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகடு எடை குறைந்தது, உடையாதது, கண்ணாடியைவிடச் சூட்டைக் காப்பது. பழைய ஜன்னல்களைப் பயன்படுத்துவோர், அவற்றின் சட்டத்தில் ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு உதிர்கிறதா என்று பார்த்துத் தவிர்க்க வேண்டும். வைக்கோல் கட்டுகள் கிடைத்தால் பாத்தியின் நான்கு பக்கமும் அணையாக அடுக்குவது பெரிய உதவி.

எருவின் மேல் நல்ல தோட்ட மண்ணும் நன்கு மக்கிய உரமும் சமமாகக் கலந்த மேல்மண்ணை 15 முதல் 20 செ.மீ. வரை பரப்ப வேண்டும். தொட்டிகளிலும் தட்டுகளிலும் நாற்று வளர்ப்பதாக இருந்தால் 10 செ.மீ. போதும், அவற்றை அந்த மண்ணில் பாதியளவு புதைத்து வைக்கலாம். பாரிஸ் தோட்டக்காரர்கள் பழைய பாத்திகளில் கறுத்து நொறுங்கிப்போன எருவையே மேல்மண்ணாகப் பயன்படுத்தினார்கள். ஓர் ஆண்டின் பாத்தி அடுத்த ஆண்டின் விளைநிலமாயிற்று.

காத்திருந்து விதைத்தல்

இம்முறையில் ஏற்படும் தோல்விகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. பாத்தி கட்டி மூன்று முதல் ஆறு நாள்களுக்குள் எருவின் சூடு 60, 70 டிகிரி வரை ஏறும். அந்நாள்களில் மூடியை ஒரு மூலையில் சிறிது தூக்கி வைத்து, ஆவியும் அம்மோனியாவும் வெளியேறவிட வேண்டும். கண்ணைக் கரிக்கும் நெடி இருக்கும்வரை எந்த நாற்றும் உள்ளே போகக் கூடாது. போனால் இலையோரங்கள் ஒரே இரவில் பழுப்பேறிக் கருகிவிடும். நீண்ட கம்பியுள்ள உரக்குவியல் வெப்பமானி ஒன்றை வாங்குவது இம்முறையில் ஒதுக்க முடியாத செலவு என்றே நான் கருதுகிறேன். அது வரும் முன்பு தோட்டக்காரர்கள் ஓர் இரும்புக் கம்பியை எருவுக்குள் செருகி, சில நிமிடங்கள் கழித்து உருவி, அதன் நுனியை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார்கள்; பிடித்திருக்க முடியாத சூடு என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும், இதமான சூடு என்றால் விதைக்கலாம்.

மேல்மண்ணில் 10 செ.மீ. ஆழத்தில் சூடு 24 டிகிரியளவுக்கு இறங்கி, மேலும் குறையும் போக்கில் இருக்கும்போது முள்ளங்கியையும் குட்டையான உருண்டைக் கேரட்டையும் விதைக்கலாம். லெட்டூஸ் விதை 27 டிகிரிக்கு மேல் முளைக்க மறுத்து உறங்கிவிடும் என்பதால், அதை வீட்டுக்குள்ளேயே முளைக்க வைத்து, பாத்தி ஓரளவு தணிந்த பின் நாற்றாக நடுவது சிறந்தது. வெள்ளரி, முலாம்பழம், கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் விதைகளுக்கோ 25 முதல் 30 டிகிரி வரையிலான சூடு உகந்தது. ஆகவே அவற்றின் தட்டுகளைச் சற்று முன்னதாகவே பாத்திக்குள் வைக்கலாம்.

அன்றாடக் கவனம்

விதைத்த பிறகு வேண்டுவது காற்றைப் பழக்கும் திறமை. பிப்ரவரி வெயில் ஒரு மணி நேரம் அடித்தாலும் மூடிய சட்டத்துக்குள் வெப்பம் வேகமாக ஏறும். மரக்கட்டை ஒன்றைப் படிகளாக வெட்டி வைத்துக்கொண்டு, வெயிலுக்கேற்ப மூடியை ஒரு படி, இரண்டு படி எனத் தூக்கி நிறுத்த வேண்டும். திறக்கும் பக்கம் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். பிற்பகலில் வெயில் சாய்வதற்கு முன்பே மூடிவிட்டால் அன்றைய சூடு உள்ளே தங்கும். இரவில் மூடியின் மேல் வைக்கோல் பாயையோ பழைய கம்பளத்தையோ விரித்து, காலையில் தவறாமல் எடுத்துவிட வேண்டும். பாயை எடுக்க மறந்த நாளில் நாற்று ஒளிக்காக நீண்டு வெளிறிவிடும். கண்ணாடியின் உட்புறம் எப்போதும் நீர் கோத்து நிற்பதும், நாற்றின் அடித்தண்டு மெலிந்து சாய்வதும் காற்றோட்டம் போதாததன் அடையாளங்கள். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, முற்பகலில், குறைவாக ஊற்றினால் நாற்றழுகல் வராது.

பாத்தியின் சூடு பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் நிற்கும். இடையில் கடுங்குளிர் வந்து சூடு சரிந்தால், சட்டத்தைச் சுற்றி 30 முதல் 45 செ.மீ. அகலத்தில், முன்பே குவித்துச் சூடேற்றி வைத்த புதிய எருவை அணைக்கலாம். இதற்காகவே ஒரு சிறு குவியலைத் தனியே வைத்திருப்பது பழைய தோட்டக்காரர்களின் வழக்கம்.

உடல்நலம் குறித்தும் சொல்லியாக வேண்டும். பச்சை எருவில் ஈ.கோலி போன்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொடும் விளைபொருள்களுக்கு, பச்சை எரு இட்டதிலிருந்து அறுவடைக்கு 120 நாள்களும், மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள்களும் இடைவெளி வேண்டும் என்கின்றன. பாத்தியின் நடுவில் எழும் சூடு கிருமிகளை அழித்தாலும் ஓரங்கள் அவ்வளவு சூடாவதில்லை. ஆகையால் மேல்மண் எருவோடு கலக்காத தனியடுக்காக இருக்க வேண்டும்; எரு தொட்ட கருவிகளை மேல்மண்ணில் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோர் உள்ள வீடுகளில், பச்சையாகத் தின்னும் முள்ளங்கியையும் லெட்டூஸையும் இப்பாத்தியில் விளைவிப்பதைவிட, நாற்று வளர்ப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். எரு அள்ளுவோர் கையுறை அணிவதும், டெட்டனஸ் தடுப்பூசியைக் காலாவதியாகாமல் வைத்துக்கொள்வதும் கட்டாயம்.

மே மாதத்தில் நாற்றுகளைத் தோட்டத்துக்கு மாற்றும் முன், ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மூடியை நாளுக்கு நாள் கூடுதல் நேரம் திறந்து வைத்து, கடைசி இரண்டு மூன்று இரவுகள் முழுதாகத் திறந்துவிட்டு அவற்றைப் பழக்க வேண்டும். காலியான பாத்தியில் சூடு அடங்கியிருந்தாலும் மண் வளமாகவே இருக்கும். அதில் பூசணியையோ வெள்ளரியையோ நட்டால் கோடை முழுவதும் கொடி படரும். இலையுதிர் காலத்தில் பாத்தியைப் பிரிக்கும்போது எரு கறுத்து, மண்வாசனையோடு, கையில் உதிரும் பதத்தில் கிடைக்கும். அதை உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் ஒதுக்கிய இடத்தில் பரப்பலாம். ஒரு பங்கைச் சலித்து, ஈரம் காயாமலும் மழையில் கரையாமலும் மூடி, வரும் பிப்ரவரியின் மேல்மண்ணுக்காகத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.